நாங்கள் பார்த்துக்கொள்வோம்

என் தங்கையின் கணவருக்குக் கிடைக்கவிருந்த அரச உதவியை நான் பொய் சொல்லித் தடுத்தேன். தங்கை பக்கத்தில் இருக்கும்போதே, அவள் சொன்னதை மாற்றி மொழிபெயர்த்து, உதவ வந்தவளைத் திருப்பி அனுப்பினேன். அதனால் நான் ஒன்றையும் இழக்கவில்லை. மச்சான்தான் கால்விரல்களை இழந்தார்.

நான் படித்தவன். இளவயதில் மொன்றியலுக்கு வந்து, பிரெஞ்சு கற்று, பட்டம் பெற்று, வேலைக்காக எல்லை தாண்டி ஒஹாயோவுக்குப் போனவன். அங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில், நட்டஈடு கேட்பவர்கள் சொல்வது உண்மையா என்று துருவுவது என் தொழில். முதுகு முறிந்து கிடப்பதாகச் சொன்னவன் மகளின் கல்யாணத்தில் ஆடினானா என்று விசாரிப்பேன். பொய்யர்களும் இருந்தார்கள். ஆனால் காலம் போகப் போக, கை நீட்டுகிறவன் எல்லாம் எனக்குப் பொய்யனாகவே தெரிந்தான்.

மதியச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒரே பேச்சுத்தான். அரசாங்கம் வீதி போடட்டும், கள்ளனைப் பிடிக்கட்டும், அதோடு நிற்கட்டும். தன் வீட்டைத் தான் பார்க்காதவனை என் வரிப்பணத்தில் ஏன் பார்க்கவேண்டும்? அந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். அந்த மேசையில் இருந்த ஓர் அமெரிக்கர், படுக்கையில் கிடந்த தன் தாயை வருடக்கணக்காகத் தன் கையால் குளிப்பாட்டியவர். அப்படிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. நான் அவரிடமிருந்து பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மனைவி இறந்தபிறகு, ஓய்வு பெற்று மொன்றியலுக்குத் திரும்பினேன். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு சிறிய வீடு. தங்கையும் மச்சானும் நோத்ர-டாம்-த-கிரேஸில், வீதியோடு ஒட்டிய கீழ்மாடி அபார்ட்மெண்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர்களை இந்த நாட்டுக்கு அழைத்தவன் நான். அதை நான் மறந்ததில்லை. அவர்களை மறக்கவிட்டதும் இல்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் கோப்பி குடிப்போம். அங்கேயும் என் பிரசங்கம் தொடரும். ஒரு நாள் ஒருவர் கேட்டார்:

"அண்ணை, நீங்கள் முதியோர் பென்சன் எடுக்கிறேல்லையோ?"

"அது நான் கட்டின வரி."

"அப்ப நாங்கள் கட்டினது என்ன, கோயில் உண்டியலோ?"

எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர் இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு உடைந்து, அரச உதவியில் இருந்தவர். நான் கோப்பியை வைத்துவிட்டு, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னேன்: "உம்மட முதுகு வேலை எண்டாத்தான் வளையாது. காசு வாங்க நல்லா வளையும்."

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். அதன்பின் அவர் பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

மச்சானுக்கு மறதி நோய் வந்தது. முதலில் பிரெஞ்சு போனது, பிறகு ஆங்கிலம். தமிழ் மட்டும் மிஞ்சியது. பேக்கரி வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். தங்கை அவருக்குக் காவல் இருந்து மெலிந்து போனாள். வைத்தியர்தான் அரசாங்கத்தின் வீட்டுப் பராமரிப்புச் சேவைக்கு அறிவித்தார். குளிக்க வார்க்க ஓர் ஆள் வரலாம். பகலில் அவரை ஒரு நிலையத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து நிலைமையை விசாரிப்பார்.

"அண்ணை, நீங்கள் வந்து கதையுங்கோ," என்று தங்கை கேட்டாள். "என்ர பிரெஞ்சு தையல் ஃபக்டரிப் பிரெஞ்சு. உத்தியோகக்காரரோட சரிவராது."

எங்கள் குடும்பத்தில் உத்தியோகக்காரரோடு பேசுவது எப்போதும் மூத்தவன் வேலை. அவளுக்கு 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறொன்றும் தெரியாது என்றே நான் நம்பியிருந்தேன்.

வந்தவள் இளம்பெண். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, குசினி மேசையில் எங்களோடு இருந்தாள். இவர் தனியாக வெளியே போவதுண்டா என்று கேட்டாள். நான் தங்கையிடம் தமிழில் சொன்னேன்.

"ஓம் அண்ணை. போன கிழமை சப்பாத்தும் இல்லாமல் மெத்ரோ ஸ்டேசன் வரைக்கும் போயிட்டார். பொலிஸ்தான் கொண்டுவந்து விட்டது. அதைச் சொல்லுங்கோ."

நான் பிரெஞ்சில் சொன்னேன்: "பின்னேரங்களில் இருவரும் சேர்ந்து நடப்பார்கள்."

"குளிக்க வார்க்க எனக்குப் பெலன் காணாது. போன மாசம் அடிச்சும் போட்டார். இதையும் சொல்லுங்கோ, அண்ணை." சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள்.

"கணவரைத் தானே பார்ப்பதில் என் தங்கைக்குப் பெருமை," என்றேன். "எங்கள் ஆட்கள் வீட்டுப் பொறுப்பை அரசாங்கத்தின் தலையில் கட்டுவதில்லை. நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

எதிரே இருந்த மச்சான் அந்தப் பெண்ணைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

அவள் பேனாவை மூடவில்லை. என்னைத் தவிர்த்து, தங்கையின் முகத்தைப் பார்த்து, பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: "மதாம், உங்களுக்கு இது சம்மதமா?" தங்கை என்னைப் பார்த்தாள். ஒஹாயோவில் நட்டஈடு கேட்டு வந்தவர்களைப் பார்த்த அதே பார்வையை நான் அவளுக்குக் கொடுத்தேன். தலையாட்டினாள். அந்தப் பெண் இன்னொரு தடவையும் கேட்டாள். தங்கை இன்னொரு தடவையும் தலையாட்டினாள். அதற்கு மேல் அரசாங்கத்தால் ஒன்றும் செய்யமுடியாது. வேண்டாம் என்கிற வீட்டுக்குள் அது வலிந்து புகமுடியாது. அப்படிப் புகக்கூடாது என்றுதானே நானும் ஆயுள் முழுவதும் வாதாடினேன். மனம் மாறினால் அழைக்கச் சொல்லித் தன் தொலைபேசி இலக்க அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"என்னவாம், அண்ணை?" என்று தங்கை கேட்டாள்.

"உதவிக்கு ஆக்கள் காணாதாம். பிறகு பாப்பினமாம்."

அவள் தேநீர்க் கோப்பையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு, திரும்பாமலே, "அப்ப நீங்கள் வந்து நிப்பீங்களோ? கொஞ்ச நேரம் எண்டாலும்?" என்றாள்.

"ஓம், ஓம். வாறன்."

ஒரு தடவைதான் போனேன். மச்சான் காற்சட்டையோடு சிறுநீர் கழித்துவிட்டார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, கார் நிறுத்திய நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி வெளியேறினேன். பனி தொடங்கியதும், வழமைபோலப் புளோரிடாவில் இருக்கும் பழைய நண்பர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தபடியே தங்கை கண்ணயர்ந்துவிட்டாள். மச்சான் வேலைக்குப் புறப்பட்டார். ஒரு காலில் செருப்பு, மற்றதில் ஒன்றுமில்லை. மூலையில் 'தெப்பனர்' எனும் சில்லறைக் கடை வைத்திருக்கும் தமிழர், கடையின் பின்புறம் பனிக்குவியலில் அவர் இருப்பதைக் கண்டபோது, பேக்கரி இன்னும் திறக்கவில்லை என்று மச்சான் அவரிடம் தமிழில் முறையிட்டாராம். பனியில் உறைந்து செத்த இடக்கால் விரல்கள் அத்தனையையும் வெட்டினார்கள்.

நான் விமானம் பிடித்து வந்தேன். ஆஸ்பத்திரி நடையில் தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெயில்ல நல்லா கறுத்துப் போனீங்கள்," என்றாள்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்டைக்கு நீங்கள் சொன்னது எனக்கு விளங்கினது. ஒவ்வொரு சொல்லும் விளங்கினது. இருவது வருசம் தையல் மெசினுக்குப் பக்கத்தில எல்லாப் பெண்டுகளோடையும் என்னத்திலை கதைச்சனான் எண்டு நினைச்சியள்?"

"அப்ப நீ ஏன் வாய் திறக்கேல்லை?" அந்த நிலையிலும் பிழையை அவள்மேல் போடத்தான் எனக்கு வந்தது.

"பிறத்தியாருக்கு முன்னால என்ர அண்ணை பொய்யன் எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ?"

அவள் என்னை அண்ணை என்று சொன்னது அதுவே கடைசி.

மச்சானை வீட்டுக்கு விட ஆஸ்பத்திரி சம்மதிக்கவில்லை. ரொக்ஸ்பரோ பக்கம் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். குளிக்க வார்க்க ஓர் ஆள் வருவதை நான் தடுத்தேன். இப்போது மனிதர் முழுவதுமாக அரசாங்கத்திடம் போனார்.

செய்ததைத் திருத்தப் பார்த்தேன். அந்தச் சமூகப் பணியாளரைத் தேடிப்போய், நான் மொழிபெயர்த்தது பொய் என்று சொன்னேன். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. "எனக்கு அன்றே சந்தேகம்தான்," என்றாள். "ஆனால் மதாம் இரண்டு தடவை தலையாட்டினார். இனிமேல் அவருடைய கணவர் எங்கள் பொறுப்பு, ஐயா. நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை." மரியாதையாகத்தான் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், கோப்பி ஊற்றித் தந்தார்கள். அடுத்த ஞாயிறு வேறு கதை காதில் விழுந்தது: "தங்கச்சிக்காரிக்குப் பிரெஞ்சு தெரியுமாமெல்லோ. அவவும் வாய் திறந்திருக்கலாந்தானே." என் வாக்குமூலத்தால் நான் நல்லவனானேன், அவள் குற்றவாளியானாள். அவள் அந்தக் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இல்லத்தில் மச்சான் சாப்பிட மறுத்தார். தமிழில் யாராவது பேசினால் வாய் திறந்தார். தங்கைக்குப் பின்னேரம்தான் வர முடியும். மதியச் சாப்பாட்டை நான் ஊட்டுகிறேன் என்று தாதி மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பினேன். தாதி மூலமே பதில் வந்தது: ஊட்டலாம், ஆனால் அவள் வருமுன் போய்விட வேண்டும்.

"நீர் ஆர்?" என்று மச்சான் கேட்டார்.

"சாப்பாடு தீத்த வந்தனான்."

"அரசாங்கம் அனுப்பினதோ?"

"ஓம்."

"நல்ல அரசாங்கம். தமிழ் ஆளாப் பாத்து அனுப்பியிருக்கு." இரண்டு வாய் விழுங்கிவிட்டு, கையசைத்து என்னைக் கிட்ட வரச்சொன்னார். "என்ர மனிசியின்ர தமையன் ஒருத்தன் இருக்கிறான். வந்தால் உள்ள விடாதையும். என்னைக் கண்டு மூக்கைப் பொத்தினவன்."

"விடமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

தன் மனைவியின் பெயரும் மறந்துவிட்ட மனிதர், அதை மட்டும் மறக்கவில்லை. தினமும் என்னிடம் அந்தச் சத்தியத்தை வாங்கிக்கொள்வார். வாங்கிய பிறகுதான் மிச்சத்தைச் சாப்பிடுவார்.

போன மாசிப் பனியில் காரை எடுக்கமுடியாமல் பஸ்ஸில் போனேன். அது மிகவும் பிந்தியது. நான் போய் ஊட்டி முடித்து, அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கை உள்ளே வந்தாள். மச்சான் உற்சாகமாகச் சொன்னார்: "இவர் அரசாங்கத்து ஆள். நல்ல மனுசன்."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், இல்லத்து ஊழியர் எவரிடமும் சொல்வதைப் போல, சுத்தமான பிரெஞ்சில், "மெர்சி, முஸ்யோ," என்றாள். நான் எழுந்ததும் அந்தக் கதிரையில் தன் குளிர்க்கோட்டைப் போட்டுவிட்டு, நான் வெளியே போகும்வரை நின்றாள்.

மறுநாள் மதியம் நேரத்துக்கே போனேன். சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஊட்டத் தொடங்கினேன்.