ப்ளோன்ழேர்

மாலைச் சிற்றுண்டி முடிந்ததும் நான் தொலைக்காட்சியின் முன் அமர்வது கடலுக்குள் இறங்குவதற்காகத்தான். நீருக்கடியிலுள்ள குகைகளில் நீந்துவோரைக் காட்டும் நிகழ்ச்சி எதுவானாலும் விடுவதில்லை. நேற்று ஒரு பெண், மெல்லிய கயிற்றைப் பற்றியபடி, பாறைப் பிளவொன்றுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கரையேறி அவள் முகமூடியைக் கழற்றி உதறியபோது, நண்பரே, என் கூடத்தில் ரப்பர் நெடி எழுந்தது. தொலைக்காட்சிக்கு மணமில்லை என்பதை நான் அறிவேன். என் மூக்கு அதை ஒப்புக்கொள்வதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறு ஆண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் இறுதித் தேர்வு தேறி, வேலையின்றி இருந்தேன். பள்ளி மண்டபத்தில் ஒருநாள் வெள்ளைத் துணி கட்டிக் கடலடிப் படமொன்றைக் காட்டினார்கள். முதுகில் காற்றுக்குடுவை சுமந்த மனிதர்கள் குகைவாயிலில் மீன்களோடு மிதந்தனர். கடற்கரையிலேயே வளர்ந்தும் கடலின் மேல்தோலை மட்டுமே கண்டிருந்தேன் என்பது அன்று விளங்கிற்று. அதன் அடியை ஒருமுறையேனும் கண்திறந்து பார்த்துவிடுவது என்று, மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே முடிவு செய்தேன்.

சில நாளில், கடற்கரையை ஒட்டிய விடுதியொன்றின் கதவில் ‘ப்ளோன்ழேர் தேவை’ என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தது. அச்சொல்லுக்கு ‘மூழ்குநர்’ என்று நானே தமிழ் ஆக்கி வைத்திருந்தேன். கப்பல்துறைக்குக் கடலுக்குள் நீளும் புதிய பாலம் கட்டுவது பற்றி ஆராய வந்த பிரெஞ்சுப் பொறியாளர் அங்கே தங்கி, நாள்தோறும் கடலில் மூழ்கிவந்தது ஊரறிந்த செய்தி. அவருக்குத் துணையாக மூழ்கத்தான் ஆள் தேடுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. சலவைச் சட்டையணிந்து சென்று, மூச்சடக்குவதில் எனக்கிருந்த பயிற்சியை, விடுதியை நடத்திய மதாமிடம் பிழையற்ற பிரெஞ்சில் விளக்கினேன். முழுவதையும் கேட்டபின் அவர் தமிழில் சொன்னார்:

“மூச்சல்லாம் அடக்க வேணாம்ப்பா. மூக்கப் புடிச்சிக்கினாப் போதும். வா, தொட்டியக் காட்டுறேன்.”

சமையற்கட்டின் பின்னே சோப்பு நீரும் எச்சில் தட்டுகளும் காத்திருந்தன. தட்டுக் கழுவுகிறவனுக்கும் பிரெஞ்சில் அதே பெயர். நான் படித்த பாடநூல்களில் யாரும் உண்ட தட்டைக் கழுவியதில்லை.

திரும்பிப் போயிருப்பேன். ஆனால் தொட்டி விளிம்பில் ரப்பர் வளையமிட்ட கண்ணாடி முகமூடி ஒன்று கிடந்தது. பொறியாளருடையது, உப்புப் போக நன்னீரில் அலசி வைப்பதும் என் வேலை என்றார் மதாம். சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

விடுதிக்கு மீன் கொண்டுவந்த கலியபெருமாள் என் வயதினன், வம்பாக்கீரப்பாளையம் மீனவக் குப்பத்தவன். வேலைக்கு வந்த கதையை அவனிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

“இன்னா மூழ்குநரே, இன்னிக்கி எத்தினி தட்டு ஆழம்?”

“சிரிடா. இந்தக் கண்ணாடியப் போட்டுக்கினு ஒருநாள் எறங்கத்தான் போறேன்.”

“கீழ இன்னா, உங்க மாமன் ஊடா கீது?”

பொறியாளர் தாய்நாடு திரும்பும் நாள் நெருங்கிற்று. முன்தினம் மாலை, அலசிய முகமூடியை ஏந்தி அவரெதிரே நின்றேன். “நானும் ப்ளோன்ழேர்தான், முசியே. நாளைக் காலை மட்டும் இது என்னிடம் இருக்கட்டும்” என்று அவர் மொழியில் கேட்டேன். நீரில் ஊறி வெளுத்திருந்த என் விரல்களை அவர் பார்த்தார், சிரிக்கவில்லை. “நான் புறப்படுமுன் வந்துசேர வேண்டும்” என்றார்.

விடிந்ததும் கலியபெருமாளின் கட்டுமரத்தில் போனோம். பழைய பாலம் புயலில் சரிந்து கிடந்த இடத்தருகே குதித்தேன். கண்ணாடிக்கு வெளியே கேழ்வரகுக் கூழ்போல் நீர். என் கையே எனக்குத் தெரியவில்லை.

“பாத்துட்டியா?”

“ஒண்ணும் தெரியல. இன்னும் தள்ளிப் போ.”

“எல்லாம் சேறுடா. தொரை கெளம்பிடுவாரு, வா.”

“தெரியிற வரைக்கும் எறங்குவேன். தள்ளு.”

தள்ளித் தள்ளி இறங்கினேன். காதுக்குள் ஆணி அடித்தாற்போல் வலித்தது. மூக்கில் குருதி கசிந்தது. வெயில் ஏறியபின் ஓரிடத்தில் நீர் திடீரெனத் தெளிந்தது. கீழே மணல், யாரோ சீப்பால் வாரிவிட்டாற்போல் வரிவரியாக. சாய்ந்த இரும்புத் தூணைச் சிப்பிகள் மூடியிருந்தன. அதன் நிழலில் சின்னஞ்சிறு மீன்கள் ஒரே திசை நோக்கி நின்றன. நான் அசைந்ததும் ஒன்றாகத் திரும்பின. மூச்சிருந்த மட்டும் பார்த்தேன்.

“கீதா, மாமன் ஊடு?”

“கீது” என்றேன்.

பொறியாளர் வண்டியில் ஏறும் தறுவாயில் முகமூடியைக் கொடுத்துவிட்டு, மீண்டும் கரைக்கே ஓடினேன். களைப்புத் தீரும்வரை கலியபெருமாளும் நானும் மணலில் மல்லாந்து கிடந்தோம். அந்த அகன்ற மணல்வெளியைக் கடல் பின்னாளில் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது. கரையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கற்களுக்கு அப்பால் அலைதான். நாங்கள் படுத்திருந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர் இனி மூழ்கித்தான் பார்க்க வேண்டும்.