உபயமாக ஏற்கப்படாத விளக்கு

மற்றவர்கள் கையை இறக்கிய பின்பும் உயர்ந்தே நின்ற அத்தானின் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் நடுப்பகுதி, டென்மார்க்கின் ஹேர்னிங் நகர ஓரத்தில் புதிதாக எழுந்த வாடகைக் குடியிருப்பின் பொதுக் கூடம். அக்காவின் கணவரான அவர் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருந்தார். அதே குடியிருப்பில் இருந்த என்னையும் மொழிபெயர்க்க அழைத்திருந்தார்.

அந்தக் குடியிருப்பு தன்னைத் தானே ஆண்டுகொண்டது. எது தேவையானாலும் குடியிருப்போர் கூடி வாக்களிப்பார்கள். செலவு எல்லோருடைய வாடகையிலும் ஏறும். அன்று பேசப்பட்டது, கடைசிக் கட்டடத்திலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு விளக்கு. விடியுமுன் வேலைக்குப் போகும் அக்கா அந்த இருளில் பனியில் வழுக்கி விழுந்திருந்தாள். விளக்கு வராவிட்டால் வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தாள். இந்நாட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

வாடகை ஏறுமே என்ற முணுமுணுப்பு எழுந்ததும் அத்தான் எழுந்தார். "ஒருத்தரும் காசு தரத் தேவையில்லை. திருவிழாவிலை ஒரு நாளை ஒரு குடும்பம் ஏற்கிற மாதிரி, இந்த லைட் என்ரை உபயம். சொல்லும், மச்சாள்."

சொன்னேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர், அத்தான் தன் பெயரையும் விளக்கில் எழுதுவாரா என்று கேட்டார்.

"பின்னை? பேர் போடாட்டில் ஆர் குடுத்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

சபை சிரித்தது, அத்தானும் சிரித்தார். தலைவியாக இருந்த பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கொடுக்க முடிந்தவர் வாசலில் மட்டும் விளக்கு எரியுமென்றால் இந்தக் கூட்டம் எதற்கு என்று அமைதியாகக் கேட்டு, எல்லோர் வாடகையிலுமாக விளக்குப் போடுவதா என்று வாக்கெடுப்புக்கு விட்டார். சில கைகள் குறைந்து, விளக்கு தோற்றது.

குடியிருப்பில் வேறு தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அவர்களை வரவேண்டாம் என்றவர் அத்தானேதான். உபயகாரர் ஒருவர் இருக்க மற்றவர்களுக்கு ஏன் சிரமம் என்று நினைத்திருந்தார். நாங்கள் திரும்பியபோது அவர்கள் அக்கா வீட்டில் வீடியோவில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணை, லைட் வருதோ?"

அத்தான் சப்பாத்தைக் கழற்ற நெடுநேரம் எடுத்தார். "நீங்கள் வந்திருந்தால் வந்திருக்கும்."

"நீங்கள்தானே வரவேண்டாமெண்டனீங்கள்?"

"ஓம்," என்றார்.

மறு ஆண்டு எல்லோரும் வந்தார்கள், விளக்கும் வந்தது. அக்கா அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே வேலையை விட்டிருந்தாள். அவளது இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது.

நான் இன்றும் அங்கேதான் வாழ்கிறேன். ஆண்டுதோறும் கூட்டத்துக்குப் போகிறேன். சைக்கிள் கொட்டிலுக்குக் கூரை வேண்டுமா என்று மாலை முழுவதும் கதைக்கிறார்கள், களைத்துப்போகிறது. ஆயினும் முடியுமுன் எழுந்துவர மனம் வருவதில்லை. பெயரெதுவும் எழுதப்படாத விளக்கின் கீழே வேறு பெண்கள் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். அக்கா அந்நேரம் விழித்துத்தான் இருப்பாள். யன்னல் சீலையை விலக்குவதில்லை.