மேடையை விட்டு எழும்பாத அதிதிகள்

பாஹிமா ரீச்சருக்கு அடிக்கடி கோபம் வருகிறது என்று பாடசாலையில் சொல்வார்கள். அது பிழை. கோபம் போனால்தானே திரும்ப வருவதற்கு? பத்தொன்பது வருடமாக அது அவருடனேயே காலை ஏழே காலுக்கு வேலைக்கு வந்து, வரவுப் பதிவேட்டில் மட்டும் கையொப்பம் வைக்காமல், இரண்டு மணிக்கு அவருடனேயே வீடு திரும்புகிறது.

கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம், அங்கே எல்லோரும் கௌரவமானவர்கள். அங்கே பாஹிமா படிப்பிப்பது நாடகமும் அரங்கியலும். நற்பிட்டிமுனையில் வயல் செய்த மீராசாவின் மகள். பல்கலைக்கழகத்தில் நாடகம் எடுத்திருக்கிறேன் என்று வந்து சொன்னபோது வாப்பா ஒன்றுதான் கேட்டார்: "அதுக்கு வேல கிடைக்குமா மகள்?"

வேலை கிடைத்தது. நாடகம்தான் கிடைக்கவில்லை. நாடக ஆசிரியர் எதற்கு என்பதில் பாடசாலைக்கு மிகத் தெளிவான கொள்கை இருந்தது. மேடைக்குத் துணி கட்டுவதற்கு, பலூன் ஊதுவதற்கு, அதிதிகள் வரும் வழியில் வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதற்கு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் அவருடைய பாடவேளைகள் நாட்டின் நன்மை கருதிக் கணிதத்துக்கு வழங்கப்படும். கணிதத்தில் பெறுபேறு அப்படியேதான் இருந்தது. ஆனால் தியாகம் தியாகம்தானே.

இந்த வருடம் அவர் ஒரு நாடகம் செய்தார். ஏழு கிழமை, சைக்கிள் கொட்டகையில், பாடசாலை விட்ட பிறகு. கதை அவருடையதல்ல, உயர்தர வகுப்பு மாணவி றஸ்னாவின் உம்மா சபூறாவின் கதை. நான்கு வருடத்துக்கு முன் சபூறாவின் புருஷன் தோணியோடு கடலுக்குப் போனார். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அன்றிலிருந்து சபூறா மரண அத்தாட்சிப் பத்திரத்துக்காகக் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறாள். பத்திரம் இல்லாதபடியால் அவள் மனைவியுமில்லை, விதவையுமில்லை. அரசாங்கத்தின் கணக்கில் அவள் ஒரு தாமதம்.

"கதையப் போடுங்க ரீச்சர்," என்று சபூறாவே சொன்னாள். "நாலு பேருக்குத் தெரியட்டும்." நாடகத்தில் வரும் விண்ணப்பத்துக்கு அவளுடைய விண்ணப்பத்தின் பிரதியையே கொடுத்துவிட்டாள். "எங்கட வீட்ட பாயிக்குக் கீழ முழுக்க இதுதான் இரிக்கி."

பரிசளிப்பு விழாவில் இருபத்தைந்து நிமிடம் தருவதாக அதிபர் ஜவுபர் சேர் வாக்களித்தார். தன் வாழ்க்கையை ஒரு மேடையில் பார்க்க, எட்டரைக்கே வந்து பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள் சபூறா. விழா ஒன்பது மணிக்கு. பிரதம அதிதி வந்தது பத்தே முக்காலுக்கு. மேடையில் வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசை. அதன் பின்னால் ஏழு அதிதிகள். ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. பிறகு அவர்கள் அதிபருக்குப் போர்த்தினார்கள். பிறகு இன்னும் போர்த்தப்படாதவர் யாராவது தப்பியிருக்கிறாரா என்று உப அதிபர் பட்டியலோடு அலைந்தார். பிரதம அதிதி, நேரம் போதாமையால் இரண்டே இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொல்லி, முப்பத்தெட்டு நிமிடம் பேசினார்.

பதினொன்றே முக்காலுக்கு பாஹிமா அதிபரை மேடைக்குப் பின்னால் பிடித்தார்.

"சேர், மேசை கதிரையெல்லாம் எறக்கணும். நாடகத்துக்கு மேட வேணும்."

"அதிதிகள ஒழும்பச் சொல்ற எப்பிடி ரீச்சர்? முன்னால நாலடி இடம் இரிக்கிதானே. மெலிஞ்ச புள்ளையள்தானே."

"நாலடிக்குள்ள மூணு கந்தோரையும் கடலையும் எங்க சேர் வெக்கிற?"

"கடலக் கொஞ்சம் சின்னதாப் போடுங்க," என்றார் ஜவுபர் சேர், உண்மையான கரிசனையோடு. "மறுகா, இருவத்தஞ்சு நிமிசம் ஏலா. பத்து. லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முந்தி நன்றியுரையும் முடியணும்."

"நன்றியுரைய விட்டா என்ன?"

தேசிய கீதத்தில் பாதியை மட்டும் பாடுவோமா என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல அதிபர் பார்த்துவிட்டுப் போனார்.

கந்தோர் மேசையைத் தூக்கிக்கொண்டு நின்ற இரண்டு பிள்ளைகளும் அதைக் கீழே வைத்தார்கள். உம்மாவின் வேடத்தில் நின்ற றஸ்னா முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டாள்: "ரீச்சர், மேச போட இடமில்ல. ஒபிசர்மார் எங்க இரிக்கிற?"

பாஹிமா திரை இடுக்கால் மேடையைப் பார்த்தார். மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஆட்களும் இருந்தார்கள். பத்தொன்பது வருடக் கோபம் அன்றுதான் முதன்முதலாக ஒரு நெறியாள்கை செய்தது.

"ஒபிசர்மார் இரிக்காங்கதானே புள்ள. விண்ணப்பத்த அவங்களிட்டயே குடு."

"யா அல்லாஹ்! ஏசினா?"

"நீ உன்ட வசனத்தச் சொல்லு. அவங்கட வசனம் அவங்களுக்குப் பாடம்."

றஸ்னா போனாள். முதலாவது அதிதிக்கு முன்னால் நின்று, "சேர், என்ட மனிசன் கடலால வரல்ல," என்று விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் அதைப் பழக்கத்தில் வாங்கினார். கண்ணாடி போட்டு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

"இது எனக்கில்ல மகள். அங்கால குடுங்க."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டாமவர், "கிராம சேவகர்ர கடிதம் இரிக்கா?" என்றார்.

"இரிக்கி சேர்."

"இன்னொண்டு எடுக்கணும்."

மூன்றாமவர் படிக்காமலே நான்காமவரிடம் தள்ளினார். நான்காமவர் பேனையை எடுத்து மூலையில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஐந்தாமவர் பிரதி எங்கே என்று கேட்டார். இதுதான் பிரதி என்றாள் றஸ்னா. அப்படியானால் மூலம் எங்கே என்றார் ஆறாமவர். பின்னால் நின்ற பாஹிமாவுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது: ஏழு கிழமை பழக்கியும் அவருடைய பிள்ளைகளுக்கு இவ்வளவு இயல்பு வரவில்லை.

ஏழாமவர் ஒரு கந்தோரின் உதவிப் பணிப்பாளர். "வாற கிழம கந்தோருக்கு வாங்க, பாப்பம்," என்றார். நாடகப் பிரதியிலும் அதே வசனம்தான் இருந்தது, எழுத்துக்கு எழுத்து.

மண்டபம் அதிர்ந்தது. அதிதிகளும் சிரித்தார்கள். பிரதம அதிதி தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தாங்களும் நடித்துவிட்டோம் என்ற பெருமை வேறு. சிரிக்காமல் இருந்தது சபூறாவும் பாஹிமாவும்தான். அறிவிப்பாளர் ஷிப்லி சேர் மைக்கைப் பிடித்தார்.

"அருமையான நகைச்சுவை நாடகம்! அடுத்ததாக நன்றியுரை..."

பாஹிமா மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார். "நாடகம் முடியல்ல. எல்லாரும் இரிங்க."

இருந்தார்கள். றஸ்னா அதிதிகளுக்கு முதுகைக் காட்டி, மேடை விளிம்பில் நின்றாள். கடலைச் சின்னதாகப் போடவில்லை, மண்டபம் முழுவதையுமே கடலாக வைத்துக்கொண்டு அதனிடம் கேட்டாள்: "நீ அவர எடுத்துட்டாய் எண்டு எனக்கொரு கடிதம் தா. நான் சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. சீல் இல்லாட்டியும் காரியமில்ல. நீ தந்த எண்டு இருந்தாக் காணும்."

செய்வதற்கு வேறொன்றுமில்லாத ஏழாமவர் கையிலிருந்த தாளைப் படிக்கத் தொடங்கினார். அடிக்கு வந்ததும் முகம் மாறியது. தேவையான நடவடிக்கைக்காக என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதி, கீழே போட்டிருந்த கையெழுத்து. பாஹிமாவுக்கு அந்தக் கையெழுத்து ஏழு கிழமைப் பழக்கம். அதன் முகத்தை இன்றுதான் கண்டார். ஏழாமவர் தாளை மெதுவாக நான்காக மடித்தார்.

"சேர், அத பொக்கட்டுக்குள்ள வெக்காதீங்க."

"இது... நாடகத்துட பேப்பர்தானே ரீச்சர்?"

"இல்ல. அந்தா, மூணாவது வரிசையில இரிக்கிற சபூறாட பேப்பர். கீழ இரிக்கிற உங்கட கையெழுத்து."

"ரீச்சர்!" மேடை ஓரத்திலிருந்து ஜவுபர் சேரின் குரல் கீச்சிட்டது. "பாங்கு சொல்லப் போகுது!"

"சொல்லட்டும் சேர். அதுக்கு முந்தி இவர் ஒரு திகதி சொன்னாக் காணும்." பாஹிமா மைக்கை ஏழாமவரின் வாய்க்கு நேரே பிடித்தார்.

ஏழாமவர் பொன்னாடையின் நுனியால் நெற்றியைத் துடைத்தார். பிரதம அதிதியைப் பார்த்தார். பிரதம அதிதி பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழம," என்றார் கடைசியில். "காலம பத்து மணிக்கு வரச் சொல்லுங்க."

மூன்றாவது வரிசையில் சபூறா எழுந்து நின்றாள்.

"எந்தச் செவ்வாய் சேர்?"