கரைந்துபோன முதல் வரி

1. துணி

வெள்ளைத் துணி கறுத்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீடியோக் கடையில் வேலை செய்தேன். பழைய இசைத்தட்டுகளைக் கசெற்றில் பதிவது என் பகுதி. நான் இரண்டு பிள்ளைகளின் தாய். கிருமிக்குப் பயந்து எதையும் கழுவாமல் தொடமாட்டேன். தட்டுகளையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டே மெஷினில் வைப்பேன். பிளாஸ்டிக் தட்டுகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று வந்தது வேறு தட்டு. டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இருந்த எஸ்தர் என்ற கறுப்பினப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர், தலையணை உறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் தெற்கில் மர ஆலையில் வேலை செய்த அவருடைய தகப்பனார், சனிக்கிழமைகளில் கிற்றாரோடு புளூஸ் என்னும் துயரப் பாட்டுப் பாடுவாராம். மருந்துப் போத்தலின் கழுத்தை உடைத்து, விளிம்பைத் தேய்த்து, சுண்டுவிரலில் மாட்டித் தந்திகளின் மேல் வழுக்குவாராம். வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் அவரைப் பதிவு செய்தார்கள். எஸ்தருக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தது இந்தத் தட்டு மட்டும்.

முதலாளி பாலன் அண்ணை துணியைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை செய்தனீர்? உது அரக்குத் தட்டு! அரக்கை ஸ்பிரிட்டிலை கரைச்சுத்தானே மேசை கதிரைக்குப் பொலிஷ் அடிக்கிறவை!”

“ஒருக்காத்தான் துடைச்சனான் அண்ணை. ஓரத்திலை மட்டும்.”

“ஓரத்திலைதானே பாட்டுத் தொடங்குது!”

2. போன்

பிறகு அண்ணை குரலைத் தாழ்த்தினார். “பழைய தட்டு, முதலே இரைச்சல் எண்டு சொல்லுவம்.”

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தியவள் நான். எஸ்தருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். “வாறன்” என்று மட்டும் சொல்லி வைத்தார். அவர் பேசியது ஆங்கிலம்; எங்கள் பேச்சில் தருகிறேன்.

3. மைக்

எஸ்தர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். “இத்தனை வருஷம் நான் அதிலை தூசிகூடத் தட்டேல்லை” என்றார். நான் தட்டை எடுத்து அவர் முன் வைத்தேன்.

“சரி, போடும். என்ன மிச்சம் எண்டு பாப்பம்.”

தடித்த ஊசியை மாட்டி, கசெற்றில் பதிவை ஓடவிட்டு, தட்டைச் சுழற்றினேன். எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் பொரிந்தது. குரல் இருந்ததா என்றே தெரியவில்லை. எஸ்தர் கண்களை மூடிக்கொண்டார். பொரிச்சல் மெல்ல அடங்க, போத்தல் கழுத்து தந்தியில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஓர் ஆண்குரல் பாதியில் விட்ட சொல்லைத் தந்தி இழுத்து முடித்தது. அடியில் ‘தொம், தொம்’ என்று ஒரு சத்தம்.

“உது அப்பாவின்ரை சப்பாத்து!” எஸ்தர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

“பாடுறது ஆர், அழுறது ஆர் எண்டு தெரியேல்லை” என்றார் அண்ணை.

“பாடினது அப்பா. அழுதது கிற்றார். அப்பா அழமாட்டார், மற்ற ஆக்களைத்தான் அழவைப்பார்!”

பதிந்த கசெற்றை மறுபடி போடச் சொன்னார். பொரிச்சல் தொடங்கியதும் அழிந்த முதல் வரியை அவரே பாடினார். கழுதைக்கும் ஞாயிறு லீவு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்பது போன்ற ஒரு வரி. அவர் நிறுத்திய இடத்தில் தகப்பனாரின் தந்தி பதில் சொன்னது.

“மைக் இருக்கே?” என்று கேட்டார் எஸ்தர்.

கலியாண வாழ்த்துப் பதியும் மைக் இருந்தது. தகப்பனாரின் தந்தியோடு அவர் குரலும் பதிய, மைக்கையும் இரண்டு கசெற் டெக்கையும் ஒலி கலக்கும் மிக்ஸரில் கோர்த்தேன். முதல் தடவை எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை அண்ணை தாளம் தப்பிக் கைதட்டினார். “உம்மடை முதலாளியை வெளியிலை விடும்” என்றார் எஸ்தர். மூன்றாவது சரியாக வந்தது.

தன் பிள்ளைகளுக்கு என்று கசெற்றில் நாலு கொப்பி கேட்டார். கடையில் நின்றபடியே இன்னும் இரண்டு தரம் கேட்டு, காலால் தாளம் போட்டார். அண்ணை வாசலில் நின்றே கைதட்டினார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். துடைக்கும் முன் அது எதனால் செய்த பொருள் என்று கேளுங்கள். பிழைவிட்டால் உரியவருக்கு அன்றைக்கே போன் எடுங்கள். அழிந்துபோன வரி அவருக்குத் தெரிந்திருக்கலாம்.