வலிப்பு என்று எழுதியவர்கள்

அது ஒரு பச்சை அட்டை. கண்பார்வை, ரத்த அழுத்தம், அடுத்த வரியில் "வலிப்பு: இல்லை". கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் முதலுதவி அறையில் வேலை பார்த்தபோது அண்ணனுக்கு ஆண்டுதோறும் அதை நிரப்பியது நான்தான். கையெழுத்து மட்டும் டாக்டருடையது. உறவு ஒன்றுமில்லை, ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். உயரத்தில் உட்கார்ந்து, உருக்கிய இரும்பைத் தூக்கிப்போகும் கிரேனை ஓட்டுபவர். ஊசி என்றால் மட்டும் பயம். போட்டு முடித்த பிறகும் முகத்தைத் திருப்பியபடியே, "குத்திட்டியாம்மா?" என்பார்.

செம்புக் கம்பி திருட்டை விசாரிக்க வேண்டும் என்று ஒரு காலையில் அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் மதியம் பிணமாகத்தான் பார்த்தோம். வலிப்பு வந்து விழுந்துவிட்டார் என்றார்கள். அண்ணி உடலை வாங்க மறுத்துவிட்டார். அடக்கத்தை முடித்துவிடலாம் என்று சர்ச்சிலிருந்து வந்து சொல்லியும், பிணவறை வாசலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் ஆலைக்கு வந்து அந்த அட்டையைக் கேட்டார். தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மேலாளர் என்னைக் கூப்பிட்டார். யார் கேட்டாலும் அப்படி ஒரு அட்டையே இல்லை என்று சொல்லச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது அண்ணி கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். அழுகை இல்லை, கெஞ்சலும் இல்லை.

"பதினோரு வருசமா பக்கத்துல படுத்துக்கினு இருந்தவ நான். எனக்குத் தெரியாத வலிப்பு, அவங்களுக்கு ஒரே நாள்ல தெரிஞ்சிச்சா? அந்த அட்டையில நீ இன்னா எழுதுன? அத மட்டும் சொல்லும்மா."

மறுநாள் காலை அண்ணனுடைய அட்டைகள் அத்தனையையும் கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு, அண்ணியோடு மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்றேன். என் எழுத்துதான் என்று சொன்னேன். அந்த வாரமே வேலை போனது. மறு பிரேதப் பரிசோதனையில் உள்ளங்கால்கள் முழுக்கத் தடியால் அடித்த காயங்கள் இருப்பதாக எழுதினார்கள். வலிப்பு யாரையும் உள்ளங்காலில் அடிப்பதில்லை. வழக்குப் பதிவான பிறகுதான் அண்ணி உடலை வாங்கினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் மறுபடியும் காக்கி உடுத்திவிட்டார். நான் இப்போது மீஞ்சூரில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். வாய்தா வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விடுவேன். அண்ணன் இறந்த நாளில் ஆண்டுதோறும் அவர் படத்தோடு அந்தக் காவல் நிலையத்துக்கு எதிரே நிற்கிறோம். முதல் வருடம் ஏழு பேர் நின்றோம், பேனரைக் கிழித்தார்கள். போன வருடம் சாலையோரம் இடம் போதவில்லை. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். இன்னும் எத்தனை வருடம் இப்படி வருவீர்கள் என்று கேட்டார்.

"நீங்க ட்ரான்ஸ்பர்ல பூடுவீங்க சார்," என்றார் அண்ணி. "நாங்க இங்கியேதான் இருப்போம்."

பிறகு நிலையத்தின் வாசலைப் பார்த்துத் திரும்பி, கணவரின் பெயரை உரக்கச் சொன்னார். நாங்கள் அத்தனை பேரும் திருப்பிச் சொன்னோம்.