பண்டத்தரிப்புக்குப் போய் வந்த கால்கள்

மரியரட்ணத்துக்குப் பாட்டுத் தெரியாது. கோயிலில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். குருநகரில் மீன் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, கொக்குவில், சுன்னாகம், பண்டத்தரிப்பு என்று இருபது வருடம் மிதித்தவர். அவரிடம் இருந்த சொத்து இரண்டு கால்கள். 'சோளகம்' இசைக்குழு அவரைச் சேர்த்துக்கொண்டதும் அந்தக் கால்களுக்காகத்தான்.

தொண்ணூறில் சண்டையோடு மின்சாரம் நின்றது. அதற்கு முன்பு சோளகம் பெருநாள் மேடைகளில் வாசித்தது. கனிசியஸ் கிற்றாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாலே பெடியள் கத்துவார்கள். வலை இழுக்கிற பாட்டை றொக் தாளத்தில் பாடி அவன் கிற்றாரை அலறவிடுவான். வயதானவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, கடைசிப் பாட்டு வரை இருந்து கேட்பார்கள். மின்சாரம் போன பிறகு கிற்றார் வெறும் பலகையாகிவிட்டது. கனிசியஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். சைக்கிளை ஸ்ரான்டில் நிறுத்தி, பின் சில்லில் இரண்டு டைனமோக்களைப் பூட்டினான். ஒன்று, கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற பழைய றேடியோவுக்கு. மற்றது ரேப் றெக்கோடருக்கு. மிதிக்க ஆள் வேண்டும்.

"மரியண்ணை, இனி நீங்கள்தான் எங்கடை கரண்ட் கந்தோர்."

"சம்பளம் என்ன?"

"பாட்டுத்தான்."

"அதை நீயே வைச்சிரு. எனக்குப் பிளேன்ரீ தா."

தொண்ணூற்று மூன்று மாசியில் குருநகரில் ஓர் அறைக்குள் ஒரே ஒரு கசெற் பதிவு செய்தார்கள். நாலு பாட்டு. அன்றைக்கு மரியரட்ணம் பண்டத்தரிப்புக்குப் போய் மீன் விற்று, வந்த கையோடு ஏறி மிதித்தார். முடிந்ததும் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அதற்கும் அவர்தான் மிதித்தார். நல்லாயிருக்கு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த ஆனியில் கனிசியஸ் கிற்றார்க் கம்பி வாங்கக் கொழும்புக்குப் புறப்பட்டான். நேவி சுடுகிற கிளாலிக் கடலில் அவன் ஏறிய படகு மறுகரைக்குப் போய்ச் சேரவில்லை. சிலருடைய உடல்கள் ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அவன் நினைவாக ஒரு கச்சேரி வைப்பது என்று ட்ரம்ஸ் அடிக்கிற கிறகோரி முடிவு செய்தான். செல்லடிக்குப் பயந்து குருநகர்ச் சனம் பாதி அப்போது கொக்குவிலில் இருந்தது. பரமலிங்கம் மாஸ்ரர் தன் ரியூசன் கொட்டிலைத் தந்தார். கொட்டிலுக்குப் பின்னால் ரயில் பாதை. தண்டவாளங்களை எப்போதோ பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கச்சேரிக்கு நாலு நாள் முன்பு கனிசியஸின் மனைவி யசிந்தா மரியரட்ணத்திடம் வந்தாள். கசெற் அவரிடம்தான் இருந்தது. பொலித்தீனில் சுற்றி, பிஸ்கற் தகரத்துக்குள் வைத்திருந்தார். அந்த ஒரு வருடத்தில் யாரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை.

"அண்ணை, அவர் கனவிலை வாறார். வாய் அசையுது, சத்தம் வரேல்லை," என்றாள். தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அவரின்ரை குரல் எனக்கு மறந்துபோச்சு. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

ஞாயிறு இரண்டு மணிக்குக் கொட்டில் நிறைந்துவிட்டது. சனத்துக்கு ஒரு காது மேடையில், மற்றக் காது வானத்தில். மேசையில் கனிசியஸின் படம், முன்னால் வாங்கில் அவனுடைய கிற்றார், பக்கத்தில் டைனமோ பூட்டிய மரியரட்ணத்தின் சைக்கிள். இரண்டு பேர் பாடினார்கள். பிறகு கிறகோரி கசெற்றை எடுத்தான். பரமலிங்கம் மாஸ்ரர் எங்கிருந்தோ ஒரு கார் பற்றறி கொண்டு வந்திருந்தார்.

"மரியண்ணைக்கு இண்டைக்கு லீவு," என்றான் கிறகோரி.

கசெற் ஓடியது. வந்தது கனிசியஸ் இல்லை. கீச்சுக் குரலில் ஏதோ ஒன்று ஓட்டமாய் ஓடிப் பாடியது. பின் வாங்கில் ஒருவன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். யசிந்தா எழுந்து நின்றாள்.

"இது அவரில்லை," என்றாள்.

கிறகோரி பொத்தானை அமத்தினான். "மாஸ்ரர், உங்கடை பற்றறி கூடிப் போச்சோ?"

"பற்றறி சரியான பற்றறி. பாட்டுத்தான் பிழை."

மரியரட்ணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. பற்றறியில் பிழை இல்லை. பாட்டிலும் இல்லை. பதிவு செய்த அன்றைக்கு அவருடைய கால்கள் சோர்ந்திருந்தன. கால்கள் சோர, றெக்கோடரும் மெல்லச் சுழன்றது. திரும்பப் போட்டபோதும் அதே சோர்ந்த கால்கள் என்பதால் ஒருவருக்கும் பிழை தெரியவில்லை. இப்போது சரியான வேகத்தில் போட்டால் அது கனிசியஸ் இல்லை.

வயரை மாற்றச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். வேண்டுமென்றே மெல்ல மிதித்துப் பார்த்தார். குரல் தடித்தது, மெலிந்தது, குடிகாரனைப் போல ஆடியது. யசிந்தா தலையை ஆட்டினாள். சோறும் நித்திரையும் கண்ட கால்கள். அவற்றுக்கு நடிக்கத் தெரியவில்லை.

அவர் இறங்கினார். டைனமோக்களைச் சில்லிலிருந்து விலக்கி, ஸ்ரான்டைத் தட்டிவிட்டார். கொட்டில் வாசலில் கிடந்த கொங்கிறீற் கற்களில் நாலைத் தூக்கி மீன்பெட்டிக்குள் போட்டார்.

"எங்கையண்ணை வெளிக்கிடுறியள்?"

"பண்டத்தரிப்புக்கு."

"இப்பவோ? விசரே உங்களுக்கு?"

"நான் வருமட்டும் நீங்கள் பாடிக்கொண்டிருங்கோ. பிள்ளை, நீ போயிடாதை."

மானிப்பாய், சண்டிலிப்பாய். எதிர்க்காற்று. அவருக்குத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுப் படலையும் பெட்டியைப் பார்த்து, மீனோ என்று கேட்டது. கல் என்று சொல்லிக்கொண்டே போனார். பண்டத்தரிப்புச் சந்தியில் ஒரு கடைக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பதிவு செய்த அன்றைக்குக் குடிக்கவில்லை என்பது நினைவு வந்தது. திரும்பினார். சண்டிலிப்பாய் தாண்டும்போது வலத்தொடை இறுகத் தொடங்கியது. அதுவும் அன்றைக்கு இருந்தது. சந்தோசமாய் இருந்தது. பிறகு, சந்தோசப்பட்டதை நினைத்துப் பயமாய் இருந்தது. பின் கரியரில் கல்லைவிட வேறு ஏதோ பாரம் ஏறியிருப்பது போலத் தோன்றியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வந்து சேர ஐந்து மணி ஆகிவிட்டது. பாதிச் சனம் போய்விட்டது. யசிந்தா அதே வாங்கில் இருந்தாள். கிறகோரி கற்களை இறக்கினான். ஒன்றும் கேட்காமல் வயரைக் கொழுவினான். மரியரட்ணம் ஏறினார்.

முதலில் கிற்றார். பிறகு கனிசியஸ்.

யசிந்தா எழுந்து போய் றெக்கோடருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். இரண்டாவது பாட்டில் அவருக்கு மூச்சு இழுத்தது. பாட்டும் அந்த இடத்தில் சோர்ந்து, அவரோடு சேர்ந்து நிமிர்ந்தது. யார் யாரை மிதிக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மூடினால், குருநகர் அறையில் அவன் முன்னால் நின்று, தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் என்று சைகை காட்டினான்.

நாலாவது பாட்டு முடிந்தது. கிற்றாரைச் சுவரில் சாத்துகிற சத்தம் கசெற்றில் கேட்டது. பிறகு கனிசியஸ் கதைத்தான்.

"மரியண்ணை, மிதிச்சது காணும். சாப்பிட்டியளே?"

"இல்லையடா," என்றார் மரியரட்ணம். வாய்விட்டே சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"இறங்குங்கோ," என்றது கசெற்.

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்தான். யசிந்தா றெக்கோடரின் முகத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலி கிறுகிறுத்தது. வெகு நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பிறகு என்ன சொன்னவர், அண்ணை?"

மரியரட்ணம் மிதித்துக்கொண்டே இருந்தார்.

"பிறகு நான் இறங்கிட்டன், பிள்ளை."