இடது பக்கம் மக்காச்சோளம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கரண்டு எடுக்கிற காற்றாடிகளுக்கு நடுவே ஒரு வாட்ச்மேன் என் சைக்கிளை மறித்தார்.

“எங்க போறீங்க அண்ணாச்சி? இது கம்பெனி ரோடு.”

“மேப்ல ரோடுன்னு காட்டுதே...” என்று போனை நீட்டினேன்.

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேப்பு போட்ட ஆளக் கூட்டிட்டு வாங்க. அவியகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

வந்த வழியே திரும்பினேன்.

இந்த வயதில் எனக்கு எதற்கு இந்தச் சைக்கிள் சவாரி என்று கேட்பீர்கள். எனக்காக இல்லை. என் மனைவி மங்கைக்காக. அவளுக்குக் கயத்தாறு போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக மாற்றல் வந்திருந்தது. கோவில்பட்டியிலிருந்து அங்கே போகிற ஒரே மினி பஸ், பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். ஸ்கூட்டரிலிருந்து ஒரு தடவை விழுந்தவள், இனி அதைத் தொடுவதில்லை, என் பின்னால்கூட உட்காருவதில்லை என்று சத்தியமே செய்துவிட்டாள்.

“சைக்கிள்ல போயிட்டு வாரேன். நல்ல வழியா ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா அங்கனயே ஒரு வீடு பாத்துக்கிடுதேன். சனி, ஞாயிறு வந்துட்டுப் போறேன்.”

முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இனி வாரத்துக்கு இரண்டு நாள் மனைவியா? ஹோட்டல் சாப்பாட்டைவிட அந்த வெறும் வீடுதான் எனக்குப் பயமாக இருந்தது. உடனே போனில் சைக்கிள் ஆப் ஒன்றை இறக்கினேன்.

கெட்டிக்கார ஆப் அது. ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு யார் யார் எந்த வழியில் போனார்கள் என்று சேர்த்துவைத்திருக்கிறது. நிறையப் பேர் போன வழி தடித்த கோடாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் ரொம்பத் தடித்த கோடு எது தெரியுமா? நாலு வழிச்சாலையில், எதிர்ப்பக்கமாகப் போகிற ஒரு துண்டு! பாலத்துக்கு அடியில் போய்த் திரும்பி வரச் சோம்பல்பட்டு, நம் ஜனம் முழுக்க லாரிக்கு நேர் எதிரே போகிறது. நாம் தப்பாகப் போவதையும் ஆப் பயபக்தியோடு குறித்துவைத்திருக்கிறது. அது சைக்கிளுக்கும் சட்டப்படி குற்றம்தான். ஆனால் எல்லாரும் போனால் அது வழியாகிவிடுகிறது... இல்லையா?

அந்தக் கோடு வேண்டாம். இரண்டாவது கோடு, வாட்ச்மேன் மறித்த காற்றாடி ரோடு. மூன்றாவது, புள்ளி புள்ளியாக வயல் வழியே போகும் வண்டிப்பாதை. கரிசலில் ஒரு மழை பெய்தால் போதும், சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு சைக்கிள் நகராது. பிறகு நாம்தான் அதைத் தோளில் சுமக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது கிராமங்கள் வழியாகச் சுற்றிப் போகும் பழைய தார் ரோடு. லாரி கிடையாது. யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் சாட்டிலைட் படத்தில் பார்த்தால், ரோட்டின் பாதியில் நீள நீளமாக மஞ்சள் திட்டுகள். இது என்ன? புதிதாக ஏதாவது பெயின்ட் அடித்திருக்கிறார்களா? மணலா? படம் கலங்கிப்போகிற வரைக்கும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு எழவும் புரியவில்லை.

மங்கை என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். ஓட்டப்பிடாரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண்.

“மக்காச்சோளம்” என்றாள். “ரோட்டுல காயப் போட்டிருக்காவ.”

மறுநாளே போய்ப் பார்த்தேன். சோளமேதான்! கோவில்பட்டியிலிருந்து போகும்போது இடது பக்கம் பூராவும் சோளம். அதன்மேல் வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் தலை தலையாய்க் கல். சட்டப்படி சைக்கிள் இடது ஓரம் போக வேண்டும். இடது ஓரத்தில் மக்காச்சோளம். இதற்கு ஆப்பில் எந்தப் பட்டனை அமுக்குவது?

சோளத்தைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்த அந்த ஊர்ச் சம்சாரிப் பெண் சண்முகத்தாயிடம், ரோட்டில் காயப் போடுவது தப்பு என்று மெதுவாகச் சட்டம் பேசினேன்.

“களம் எங்கன இருக்கு, காட்டுங்க. நாளைக்கே அங்கன கொண்டுபோறோம்” என்றாள். “காயலன்னா பூசணம் பூத்துரும். வியாபாரி தொட மாட்டான். வருசம் பூரா பாடுபட்டதை ஓடையிலயா கொட்டச் சொல்லுதீங்க?”

வீட்டில் வந்து, வழி சரியில்லை என்றேன். மங்கை கேட்டுக்கொண்டாள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலையில் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தாள்.

“ஒரு நாள் போய்ப் பாக்குதேன். நீங்கதான் போன்ல நான் போற புள்ளியப் பாத்துக்கிட்டே இருப்பீங்கள்லா?”

பார்த்தேன். காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்தேன். நீலப்புள்ளி ஊரைத் தாண்டி, பழைய ரோட்டில் திரும்பி, அழகாக ஊர்ந்தது. சரியாகச் சோளம் கிடக்கிற இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

போன் அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கற்கள்தான் தெரிந்தன. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். போதாக்குறைக்குக் காலம் தப்பின தூறல் வேறு.

அங்கே போனால்... சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. ஹேண்டில்பாரில் தொங்குகிற பைக்குள் போன் கிடக்கிறது. தலைமை ஆசிரியை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சண்முகத்தாயோடு தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள்! யூனிபாரம் போட்ட பிள்ளைகள் சட்டியில் சோளத்தை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. “ஸ்கூலுக்கு நேரமாகலையா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஸ்கூல்ல பாதி இங்கனதான நிக்குது! நனையுறதப் பாத்துட்டு எப்படிங்க போக முடியும்?”

தார்ப்பாயை மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே மங்கை ஆரம்பித்தாள். “சோளத்தைக் காயப் போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. கல்லு மட்டும் வேண்டாம். இருட்டுல எவனாச்சும் விழுந்துட்டா அந்தப் பாவம் யாருக்கு?”

“கல்லு வைக்கலன்னா மினி பஸ்ஸுக்காரன் சோளத்து மேலயே ஏத்திருதான் டீச்சர்.”

“சாக்குல காஞ்ச சோளத்தட்டையத் திணிச்சு வைங்க. தூரத்துலயே தெரியும். விழுந்தாலும் எலும்பு தப்பிக்கும். அப்படியே ஓரத்துல என் சைக்கிளுக்கு ஒரு பாய் அகலம் விட்டுருங்க.”

சண்முகத்தாய் கொஞ்சம் யோசித்தாள். என்னைப் பார்த்தாள். சட்டம் பேசின ஆள் என்ற ஞாபகம் அவளுக்கு இருந்திருக்க வேண்டும். பிறகு மங்கையைப் பார்த்து, “விட்டுருதோம் டீச்சர்” என்றாள்.

அவ்வளவுதான். எந்த வழி எங்கே போகும் என்று ஆப்புக்குத் தெரியும். அந்த வழியை யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியாது. எனக்கும்தான் தெரியவில்லை.

ஒரு மாதமாக மங்கை தினமும் அந்த வழியில்தான் போய் வருகிறாள். ரோட்டின் இடது ஓரத்தில் ஒரு பாய் அகலத்துக்குச் சுத்தமான தார், அதை ஒட்டிச் சாக்கு, அப்புறம் சோளம். சட்டத்தை மீறுவது சோளம்தான், அவள் இல்லை. வேறு வீடு பார்க்கிற பேச்சும் வீட்டில் இல்லை.

‘மேப்பில் இல்லாத பாதையைச் சேர்க்க விரும்புகிறீர்களா?’ என்று நேற்று ஆப் கேட்டது. வேண்டாம் என்று அமுக்கிவிட்டேன்—அந்த ஒரு பாய் அகலத்தைச் சேர்த்தால் நாளைக்கே அதில் மினி பஸ்ஸுக்காரர் வந்து நிற்பார்!